பசு நுழைய முட்டு எடுத்த நாள்

என் சைட் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்கச் சொல்லி இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். ஒருவர் என் முதலாளி. அவர் தப்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொருவர் எங்கள் மேஸ்திரி. அவர் என்னைத் தப்பிக்க வைக்கப் பார்த்தார். இரண்டு பேரிடமும் முடியாது என்று சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது இது. எனக்கு இருபத்து நான்கு வயது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, தட்டாஞ்சாவடியில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். இன்ஜினியர் என்பது பெயருக்குத்தான். சிமெண்ட் மூட்டையை எண்ணுவது, ஜல்லி லாரிக்காரனோடு சண்டை போடுவது, மாடிப்படி ஏன் இந்தப் பக்கம் திரும்புகிறது என்று வீட்டுக்காரம்மாவுக்கு நாலாவது தடவையாக விளக்குவது, எல்லாம் என் தலையில்தான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வெயில்ல வேல" என்று கேட்டவர்களுக்கு ஆரம்பத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துப்போய், தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்து விட்டுக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் எல்லாமே வாய் வார்த்தைதான். வீட்டுக்காரர் சாயங்காலம் காற்று வாங்க வருவதுபோல வருவார். ஜன்னலை ஒரு அடி தள்ளுங்கள் என்பார். தள்ளுவோம். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வருவார். ஜன்னலை யார் தள்ளச் சொன்னது என்பார். வீட்டுக்காரர் வானத்தைப் பார்ப்பார். அளவை எங்காவது எழுதிவைக்க வேண்டுமென்றால் கொத்தனார்கள் செங்கல் துண்டால் சுவரிலேயே எழுதுவார்கள். அதற்கு மேல் பூச்சு வந்துவிடும். அப்புறம் கேட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், மேட்டுப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறை கட்டினோம். கட்டி முடித்த பிறகு, வாசல் அகலம் போதவில்லை, மெஷின் உள்ளே போகாது என்று பட்டறைக்காரர் குதித்தார். பன்னிரண்டு அடி கேட்டேன் என்றார். பத்துதான் கேட்டீர்கள் என்றேன். அவர் எதிரிலேயே கொத்தனார் செங்கல் துண்டால் சுவரில் எழுதியது என் கண்ணுக்குள் நின்றது. உளியும் சுத்தியும் எடுத்துவரச் சொல்லி, அவர் பார்க்கப் பார்க்கப் பூச்சைக் கொத்தினேன். நாலாவது இடத்தில் எழுத்து கிடைத்தது. பாதி எழுத்து பூச்சோடு பெயர்ந்து போய், ஒன்று மட்டும் நின்றது. அதற்குப் பக்கத்தில் இருந்தது பூஜ்யமா இரண்டா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "பாத்தியாம்மா, பன்னெண்டுல இருக்கற ஒண்ணு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் உளியைத் தரையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். கோபம் அவர்மேல் மட்டுமில்லை, என்மேலும்தான்.

அன்று சாயங்காலம் நேரு வீதிக்குப் போய் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நானே எண் போட்டேன். தேதி, வெயிலா மழையா, எத்தனை ஆள், என்ன வேலை, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், மணி எத்தனை. அன்றன்றைக்கே எழுத வேண்டும், பேனாவால்தான் எழுத வேண்டும், தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டுமே தவிர அழிக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். சாயங்காலம் யார் சைட்டில் இருந்தாலும் அந்தப் பக்கத்துக்கு அடியில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவேன். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிற ரைட்டர் மாதிரி இருக்கிறேன் என்று எனக்கு 'ரைட்டரம்மா' என்று பேர் வைத்தார்கள். சித்தாள்கள்கூட, "பாத்துப் பேசுடி, ரைட்டரம்மா எழுதிடப்போவுது" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் லெவலை நான் தப்பாகப் பார்த்து, அதனால் இரண்டு வரிசைச் செங்கல்லைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அதையும் எழுதினேன். முதலாளி நோட்டைப் புரட்டியபோது அந்த இடம் கண்ணில் பட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "உன்மேலயே நீ கேஸ் எழுதிக்கிறியாம்மா?" என்றார்.

"இத எழுதலன்னா மத்த பக்கத்த யாரு சார் நம்புவாங்க?" என்றேன்.

"நல்லா இருக்குது போ" என்று நோட்டை மேஜைமேல் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. தேதிக்குச் சம்பளம் கொடுப்பார். வேலை செய்கிறவர்களிடம் கத்த மாட்டார். ஆனால் யாரிடமும் 'முடியாது' என்ற வார்த்தையைச் சொல்ல வராது அவருக்கு. எல்லாம் கெட அந்த ஒரு குணம் போதாதா.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். விழுப்புரம் ரோட்டில் ஒரு கிராமம். ஊரில் ஒரு காணி நிலம், நடவும் அறுப்பும் வந்தால் அங்கே, மற்ற நாளெல்லாம் டவுனில் கட்டட வேலை. காலையில் அவர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து நிற்பார். பின்னாலேயே அவர் ஊர் ஆட்கள் இருபது பேர் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து சேர்வார்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் இன்ஜினியர் யார் என்று கேட்பதில்லை, மேஸ்திரி யார் என்றுதான் கேட்பார்கள். இவர் பேரைச் சொன்னால், அப்படியானால் சரி என்பார்கள். அந்தப் பேர்தான் அவருக்கும் அந்த இருபது வீட்டுக்கும் சோறு.

உழவர்கரையில் ஒரு வீடு கட்டினோம். வீட்டுக்காரர் பிரான்சில் வேலை பார்த்துவிட்டு வந்து அந்த ஊர் பென்ஷன் வாங்குகிறவர். வயது எழுபதுக்கு மேல். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'முசே' என்பது வழக்கம், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். பாதி வருஷம் இங்கே, பாதி வருஷம் மகனோடு அங்கே. படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். ஆனால் காகிதத்தின்மேல் அவ்வளவு மரியாதை. நான் நோட்டை நீட்டினால் மற்றவர்களைப்போல முகம் சுளிக்க மாட்டார். சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, முதலில் பிரெஞ்சில் 'லூ எ அப்ரூவே' என்று எழுதி, அதற்குக் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போடுவார். அப்படி என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "வாசிச்சேன், ஒத்துக்கறேன்னு அர்த்தம். எங்க காலத்துல இத எழுதாத கையெழுத்து கையெழுத்தே இல்ல" என்றார். சைட்டுக்கு வந்த நாளெல்லாம் தவறாமல் எழுதினார். ஒருநாளும் வாசிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு முடிந்துவிட்டது. வாசலுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி வேண்டும் என்று கேட்டு, அதன் வடிவத்தை முடிவு செய்யவே மாதக்கணக்கில் இழுத்தார். அதனால் அதை மட்டும் கடைசியில் போட்டோம். அடியில் தூண் கிடையாது. வீட்டிலிருந்து நீண்டு தானாக நிற்க வேண்டிய தளம். அப்படிப்பட்டதற்கு, கான்கிரீட் இறுகும்வரை தாங்க அடியில் கொடுக்கிற முட்டுக்கொம்புகளை இருபத்தெட்டு நாளைக்குத் தொடக் கூடாது என்பது மேஸ்திரியின் கணக்கு. என் கணக்கும் அதுதான். சவுக்குக் கொம்புகளை வரிசையாக நெருக்கி நட்டு வைத்திருந்தார்.

அதற்குள் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வைகாசியின் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆனி, ஆடி ஆகாது, ஆவணிதான். முசேவுக்கோ ஆனி பிறந்ததும் பிளேன் டிக்கெட். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மாட்டுக்காரர் வந்து வழியைப் பார்த்தார். பசுவும் கன்றும்தான் வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டும், அதுதான் முறை. வாசலில் சவுக்குக் காடு மாதிரி முட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார். "இதுக்குள்ள மாடு பூராதுங்க. மிரண்டுடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பால்கனி போட்டுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. முசே என்னிடம் முட்டுக்கொம்புகளை எடுக்கச் சொன்னார். எடுக்கக் கூடாது என்றேன். அவர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி என் செல்லுக்குக் கூப்பிட்டு, மேஸ்திரியிடம் கொடு என்றார். மேஸ்திரி செல்லைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அதனால் அந்தப் பக்கம் பேசுவது எனக்கும் கேட்டது.

"எடுத்துடுங்க மேஸ்திரி. ஒண்ணும் ஆவாது. பெரிய மனுசன் கேக்கறாரு."

"வாணாம் சார். பால்கனி வெளிய நிக்குது. மாட்ட பின்கதவுப் பக்கமா ஓட்டியாரச் சொல்லுங்க."

"லட்சுமி பின்கதவுல வருவாளா மேஸ்திரி? சொன்னத செய்ங்க."

"பதினோரு நாளுதான் சார் ஆவுது. வாணாம் சார்."

முதலாளி போனை வைத்துவிட்டார். மேஸ்திரி செல்லை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் அந்த இடத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரொம்பப் புத்திசாலி மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன். "ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு விட்டுட்டு நடுவுல இருக்கறத எடுங்க மேஸ்திரி. மாடு போனதும் திருப்பி முட்டுக் குடுத்துடலாம்." அவர் ஆட்களைக் கூப்பிட்டார். கொம்புகளை உருவி மணல் மேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள்.

சாயங்காலம் எழுதினேன். அந்தப் பக்கம் எனக்கு இன்னும் வரிக்கு வரி தெரியும்.

'காலை 10.20. பசுவும் கன்றும் முன்வாசல் வழியாக வர வேண்டும், முட்டு இடிக்கிறது, எடுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். 10.35. முதலாளி போனில் மேஸ்திரியிடம் எடுக்கச் சொன்னார். பதினோரு நாள்தான் ஆகிறது, வேண்டாம் என்று மேஸ்திரி இரண்டு முறை சொன்னார். 10.45. ஓர முட்டு இரண்டை விட்டுவிட்டு மற்றதை எடுக்க நான் சொன்னேன். எடுத்தார்கள். விழா முடிந்ததும் திரும்ப முட்டுக் கொடுக்க வேண்டும்.'

கடைசியில் எடுக்கச் சொன்னவள் நானே என்பதால், முதலில் கூடாது என்றதை எழுதவில்லை. முசே வழக்கம்போல, வாசித்தேன் ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விழா அமர்க்களமாக நடந்தது. பசு நுழைந்தது, கன்று நுழைந்தது, ஹாலில் சாணி போட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். நான் கூட்டத்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், பால்கனியில் பத்துப் பதினைந்து பேர் போட்டோவுக்கு நெருக்கியடித்து நிற்கிறார்கள். யாரும் ஏறக் கூடாது என்று நான் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு ஏறியிருந்தார்கள். கீழேயிருந்து கத்தி எல்லோரையும் இறக்கினேன். நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பொண்ணு ஏன் இப்படிக் கத்துகிறது என்று ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு மேஸ்திரியின் ஆட்களுக்கு லீவு. மறுநாளும் பந்தல் பிரிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய முட்டு மணல் மேட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

மூன்றாம் நாள், தளம் காயாமலிருக்க விழாவுக்குப் பிறகு மறுபடி மேலே கட்டி வைத்திருந்த தண்ணீர் சுவரோரமாக ஒழுகியது. மேலே ஏறிப் பார்த்தேன். வீட்டுச் சுவரை ஒட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெடிப்பு. தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து மட்டம் பார்த்தபோது முன்விளிம்பு ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. அந்தப் பதினைந்து பேர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. மேஸ்திரி எல்லா முட்டுக்கொம்பையும் திரும்ப அடித்தார்.

இனி கதை எப்படிப் போகும் என்று எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முசே ஆத்திரத்தோடு முதலாளியிடம் போனார். முதலாளி சொன்ன பதில் எனக்கு மறுநாள் ஆபீசில்தான் தெரிந்தது. "வேற சைட்டுக்குக் கொம்பு தேவப்பட்டுதுன்னு மேஸ்திரி ஆளுங்க எடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன். மேஸ்திரிய நம்ம எல்லா சைட்டுலேர்ந்தும் நிறுத்திடறேன்னும் சொல்லிட்டேன். தான் கேட்டுத்தான் எடுத்தாங்கன்னு ஒத்துக்க அவருக்கும் மனசு இல்ல. நீ அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுடு. புதுசா ஒண்ணு எழுதி வை."

"மேஸ்திரி வாணாம்னு சொன்னாரே சார்."

"சொன்னாரு. யாரு இல்லன்னா? முசே குடும்பத்துல இன்னும் ரெண்டு வீடு கட்டப் போறாங்க. நான் எடுக்கச் சொன்னேன்னா அவரு சிரிப்பாரா? நீ சொன்னேன்னா உன்ன யாரு வேலைக்கு வச்சுப்பா? மேஸ்திரிமேல போட்டா யாருக்கும் நஷ்டமில்லம்மா."

யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அப்படியானால் மேஸ்திரி ஒரு ஆளே இல்லையா? "கிழிக்க மாட்டேன் சார்" என்றேன். "நாளைக்கு ஒரு ரிட்டயர்டு இன்ஜினியரக் கூட்டிட்டு வர்றாங்க. நீ வந்து வாய மூடிட்டு நில்லு, போதும்" என்றார்.

சைட்டுக்குத் திரும்பி மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, கிழித்துவிடு என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது.

"நெசமாத்தான் சொல்றேன் மேடம். அதுல நீ சொன்னதையும் எழுதி வச்சிருக்கற. வயசுப் பொண்ணு, பேரு கெட்டுப்போயிடும். எனக்கு ஒரு காணி இருக்குது. எப்படியாவது பொழச்சுக்குவேன்."

"உங்க பின்னால வர்ற இருபது பேருக்கும் ஒரு காணி இருக்குதா மேஸ்திரி?"

அவர் அணைத்த பீடியைக் காலால் தேய்த்தார். "எல்லாருமா சேந்து உங்க தலையில கட்டறாங்க. நீங்க தலையக் குனிஞ்சு வாகா காட்டறீங்க" என்று கத்தினேன். காம்பவுண்டு சுவருக்குக் கலவை கலந்துகொண்டிருந்த சித்தாள்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் வந்த கோபம்தான் அழுகையாக வந்தது.

மறுநாள் காலை பால்கனிக்கு அடியில் எல்லோரும் நின்றோம். முசே ஒரு ஃபைலோடு வந்திருந்தார். அவர் கூட்டிவந்த ரிட்டயர்டு இன்ஜினியர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். கையைத் தட்டிக்கொண்டே, "கம்பி சரியா இருக்குது, கலவை சரியா இருக்குது. முட்ட சீக்கிரம் எடுத்ததுதான் காரணம். யாரு எடுத்தது?" என்றார்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு மேஸ்திரியைக் காட்டி, வேறு சைட், கொம்பு, ஆட்கள் என்று ஆரம்பித்தார். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"அத உள்ள வைம்மா" என்றார் முதலாளி.

வைக்கவில்லை. பக்கத்தைத் திறந்து, தேதியிலிருந்து ஆரம்பித்துக் கடைசிவரை சத்தமாக வாசித்தேன். நான் சொன்னேன் என்று எழுதியிருந்த வரியையும் விடவில்லை.

முசேவின் முகம் சிவந்துவிட்டது. "நான் எடுன்னு சொல்லல. கொஞ்சம் தள்ளி வைக்கத்தான் சொன்னேன்" என்றார்.

நோட்டை அவர் பக்கம் திருப்பி, அடியில் அவர் எழுதியதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் எழுத்தைத் தானே வெகுநேரம் பார்த்தார். "நீ கையெழுத்து கேட்ட. போட்டேன். தமிழ்ல நீ என்ன எழுதி வச்சன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வாசிச்சேன், ஒத்துக்கறேன்னு எழுதியிருக்கீங்களே சார். அதுவும் நான் எழுதச் சொன்னதா?"

ரிட்டயர்டு இன்ஜினியர் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து பக்கம் புரட்டினார். மறுபடி அந்தப் பக்கத்துக்கு வந்தார். "நான் சொன்னேன்னு போட்டிருக்குதே, இந்த நான் யாரு?"

"நான்தான் சார்."

"நீ மாட்டிக்குவேன்னு தெரிஞ்சேவா எழுதின?"

"தெரிஞ்சேதான சார் எடுங்கன்னு சொன்னேன். எழுதறப்ப மட்டும் தெரியாத மாதிரி எப்படி இருக்கறது?"

அவர் என்னைப் பாராட்டவெல்லாம் இல்லை. "உனக்கு அறிவு இருந்திருந்தா அன்னைக்கே தடுத்திருக்கணும்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சரி என்றேன். பிறகு முதலாளியையும் முசேவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விரலால் பக்கத்தைத் தட்டினார். "படிச்சவங்க மூணு பேரு எடுக்கச் சொல்லியிருக்கீங்க. வாணாம்னு சொன்னது ஒரே ஒரு ஆளு. அந்த ஆளு எடுத்தான்னு சொல்லத்தான் என்னைக் கூட்டியாந்தீங்களா?"

முசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாக நடந்து மேஸ்திரியிடம் போய், "பர்தோன் மேஸ்திரி" என்றார். மன்னிப்பு கேட்கும்போதும் அவருக்குப் பிரெஞ்சுதான் வந்தது. மேஸ்திரி என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நான் எதிர்பார்த்ததுதான். "எதுக்காக நிறுத்தறீங்கன்னு எழுதிக் குடுங்க சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை எடுத்தார். என்ன எழுதுவார்? கிழிக்க மாட்டேன் என்றாள், அதனால் நிறுத்துகிறேன் என்றா? பேனாவை மூடி வைத்துவிட்டார். எழுதிக் கொடுக்கும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்து பார்த்தேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். நானும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நோட்டு என் பையில்தான் இருந்தது. நான் வாங்கிய நோட்டு, யாரிடமும் ஏன் கொடுக்க வேண்டும்?

அதற்குப் பிறகு நாலு இடத்தில் வேலை கேட்டுப் போனேன். நாலு இடத்திலும், "ஓ, அந்த நோட்டுப் பொண்ணா?" என்றார்கள். ஆமாம் என்றேன். வீட்டில், நீ ஏன் ஆமாம் என்று சொல்கிறாய், வேறு யாரோ என்று சொல்லித் தொலையேன் என்றார்கள். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? தப்பு பண்ணினேன், அதை எழுதினேன், மறைக்கவில்லை. வெட்கப்பட வேண்டியதில் பாதிக்குத்தான் நான் பொறுப்பு, மீதிப் பாதியை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

மேஸ்திரியை யாரும் எந்த சைட்டிலிருந்தும் நிறுத்தவில்லை. பால்கனியை இடித்துவிட்டுத் திரும்பப் போடுவது என்று முடிவாயிற்று. இடிக்கும் செலவை முசேவும் முதலாளியும் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. முசே பிளேன் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார். கம்பி கட்டி முடித்து, கலவை போட வேண்டிய நாளுக்கு முன்நாள் முதலாளி எனக்குப் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"மேஸ்திரி கலவை போட மாட்டேங்கறாரு."

"ஏன் சார்?"

"ரைட்டரம்மா வந்து எழுதினாத்தான் கலவைச் சட்டியத் தொடுவேங்கறாரு. அவரு ஆளுங்களும் ஒக்காந்துக்கினாங்க. முசேவும் அதான் சரிங்கறாரு. இந்த வேலை முடியற வரைக்கும் வந்துட்டுப் போம்மா."

"வர்றேன் சார். உங்களுக்காக இல்ல, மேஸ்திரிக்காக வர்றேன்" என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

அதே நோட்டில், விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கினேன். தினமும் முசே வருவார். நான் எழுதியதை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். புரியாத வார்த்தையைக் கேட்பார். பிறகுதான் கையெழுத்து. இருபத்தெட்டு நாளும் வாசலில் சவுக்குக் கொம்புகள் நின்றன. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பின்கதவு வழியாகத்தான் போய்வந்தார்கள்.

இருபத்தெட்டாம் நாள் ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியும் வந்திருந்தார். தூரத்தில் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். மேஸ்திரி ஒவ்வொரு கொம்பாகச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். மேலே ஏறி டியூப் லெவல் வைத்து, இறங்கிவந்து மறுபடி பார்த்தார். பிறகு என் எதிரில் வந்து நின்றார்.

"எழுதிக்க மேடம். முட்ட எடுக்கலாம்னு நான் சொல்றேன்."

மணி பார்த்து எழுதினேன். அவர் போகாமல் நின்றார்.

"என் பேரு போட்டியா?"

அதுவரை எல்லாப் பக்கத்திலும் மேஸ்திரி, மேஸ்திரி என்றுதான் எழுதியிருந்தேன். அதை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, அப்பா பேரின் முதலெழுத்தோடு அவருடைய முழுப் பேரையும் எழுதி வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். "எடுங்கப்பா" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, நேராகப் போய் பால்கனிக்கு நட்டநடு அடியில் நின்றுகொண்டார். முதல் கொம்பை உருவினார்கள். நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.